பெட்டிக்கு என்ன பதவி?

எங்கள் ஊர்ப் போலீஸ்காரர்கள் மீது எனக்கு எந்தப் பகையும் கிடையாது. தொப்பியைச் சரியாக வைப்பார்கள். வழி கேட்டால் சொல்வார்கள், கேட்காவிட்டால் அதட்டுவார்கள். ஆனால் நின்றுபோன இதயத்தை மின்சாரம் கொடுத்து ஓடவைக்கும் பெட்டி ஒன்றை அரசாங்கம் அவர்களிடம் கொடுத்தபோது, அதை வைத்துக்கொண்டு அவர்கள் பட்ட பாட்டை நான் நேரில் பார்த்தேன். அதுவும் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு பார்த்தேன். நான் பார்க்காததை, அந்தப் பெட்டிக்கு ஆர்டர்லியாக இருந்த கான்ஸ்டபிள் சொன்னார். அவர் கூட்டிச் சொல்கிற ஆள் இல்லை. இந்த விஷயத்தில் கூட்டிச் சொல்ல எதுவும் மிச்சமும் இல்லை.

பெட்டி வந்த அன்று எல்லோரையும்விட அதிகம் சந்தோஷப்பட்டவர் கான்ஸ்டபிளின் மனைவி. அவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். விசில் இல்லாமலே வீட்டில் விசில் ஊதக்கூடியவர். அவருடைய அண்ணன்தான் ஸ்டேஷனுக்கு நேர் எதிரே சலூன் வைத்திருக்கிறார். சலூன்காரரின் இதயம் ஏற்கெனவே ஒருமுறை மக்கர் பண்ணி ஆஸ்பத்திரியில் படுக்கவைத்திருந்தது. இன்னொரு முறை நின்றால் ஆம்புலன்ஸ் வரும்வரை தாங்காது, ஷாக் கொடுக்கிற பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால்தான் பிழைப்பு என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

"இனிமே எனக்குக் கவலையே இல்லங்க. ரோட்டைத் தாண்டினா பெட்டி. எங்க அண்ணனுக்கு ஏதாவது ஒண்ணுன்னா நீங்க ஒரு ஓட்டம் ஓடினாப் போதும்" என்றார் டீச்சர்.

"ஓடறதுக்குத்தானே நான் இருக்கேன்" என்றார் கான்ஸ்டபிள். போலீஸில் ஓடுவதற்கும் உத்தரவு வேண்டும் என்பது அந்த நேரத்தில் அவருக்கு நினைவில்லை, பாவம்.

பெட்டியை அறிமுகம் செய்யும் விழாவுக்குக் கமிஷனரே வந்தார். மேஜையில் ஒரு ரப்பர் பொம்மை மல்லாந்து படுத்திருந்தது. பெட்டியின் மூடியைத் திறந்தால் அதுவே பேசும், என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லும். செய்தி வாசிப்பதுபோல அவசரமில்லாத, பயமில்லாத ஒரு பெண் குரல். போட்டோகிராபர் கேட்டுக்கொண்டதால் கமிஷனர் பொம்மையின் தோளில் பரிவோடு கைவைத்தார்.

"நோயாளியைத் தொடாதீர்கள். விலகி நில்லுங்கள்" என்றது பெட்டி.

கமிஷனர் விலகி நின்றார். விலகியதோடு விட்டாரா, பழக்கதோஷத்தில் குதிகால் இரண்டையும் சேர்த்து விறைத்துவிட்டார். போட்டோகிராபர் கடமை தவறாதவர், அதையும் எடுத்துவிட்டார்.

கமிஷனரை விலகச் சொல்லும் துணிச்சல் அந்த ஊரில் யாருக்கும் இருந்ததில்லை. உடனே பக்கத்து அறையில் அவசர ஆலோசனை நடந்தது. துறையின் சட்ட ஆலோசகர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு விளக்கினார்.

"சார், தனக்குக் கீழ உள்ளவங்க உத்தரவுக்கு ஒரு அதிகாரி கீழ்ப்படிஞ்சா அது ஒழுங்கு மீறல். நீங்க கீழ்ப்படிஞ்சிட்டீங்க. போட்டோ வேற இருக்கு."

"அப்போ?"

"ஒண்ணு, நீங்க தப்புப் பண்ணிட்டீங்க. இல்லன்னா, பெட்டி உங்களுக்கு மேல."

கமிஷனர் தப்புச் செய்யும் வழக்கம் அந்தத் துறையில் கிடையாது. ஆகவே பெட்டி அவருக்கு மேலானது. கமிஷனருக்கு மேல் ஊரில் பதவியே இல்லாததால் புதிதாக 'மூத்த கமிஷனர்' என்று ஒன்றை உண்டாக்கி, பெட்டியை அதில் அமர்த்தினார்கள். கமிஷனர் மேடைக்குத் திரும்பி மைக்கைப் பிடித்தார். முகத்தில் பெருமிதம்.

"என்னோட இத்தனை வருஷ சர்வீஸ்ல, சரியான உத்தரவா தப்பான உத்தரவான்னு நான் ஒருநாளும் யோசிச்சதில்ல. மேல இருந்து வந்துச்சான்னு மட்டும்தான் பாத்திருக்கேன். அதனாலதான் இன்னைக்கு இந்த இடத்துல நிக்கறேன். அந்தக் குரல் என்ன சொன்னதுன்னு எனக்குச் சரியாக் கேக்கக்கூட இல்ல. ஆனா சொன்ன தோரணை இருக்கே, அது மேலிடத்துத் தோரணை. உடம்பு தானா விலகிடுச்சு. இதுதான் பயிற்சிங்கறது!"

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. ரப்பர் பொம்மைதான் பாவம், கடைசிவரை யாரும் காப்பாற்றாமல் அப்படியே கிடந்தது.

பெண் குரல் என்பதால் பெட்டியை எல்லோரும் 'மேடம்' என்றார்கள். மேடத்துக்கு ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டரின் அறை ஒதுக்கப்பட்டது. இன்ஸ்பெக்டர் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிக்கு அடியில் குடியேறினார். ஜீப்பில் முன் இருக்கை மேடத்துக்கு, பின் இருக்கை அவருக்கு. வாசலில் பெயர்ப்பலகை, ஜன்னலுக்குத் திரை, மேஜையில் தண்ணீர் டம்ளர். டம்ளர் எதற்கு என்று கான்ஸ்டபிள் கேட்டுவிட்டார். அதிகாரி குடிப்பாரா மாட்டாரா என்பதை அதிகாரிதான் முடிவு செய்ய வேண்டும் என்று பதில் வந்தது.

கான்ஸ்டபிளுக்கு ஆர்டர்லி வேலை. காலையில் மேடத்தைத் துடைப்பது, சல்யூட் அடிப்பது, வாசலில் நிற்பது. துடைக்கலாம், தூக்கக்கூடாது. ஒரு பெண் அதிகாரியைக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்க ஆண் போலீஸுக்கு அனுமதி இல்லை. ஸ்டேஷனில் இருந்த ஒரே பெண் போலீஸோ பெரிய நாற்சந்தியில் டிராபிக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடத்தோட இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று கான்ஸ்டபிள் ஒருநாள் போனை வைத்துவிட்டதில் வீட்டில் சின்னப் பூகம்பம் வந்து அடங்கியது. மேடம் யார் என்று தெரிந்த பிறகு அது பெரிய பூகம்பமாகத் திரும்பி வந்தது.

"பெட்டிய மேடமாக்கி உள்ள உக்கார வெச்சிட்டா, எங்க அண்ணனுக்கு யாரு வருவா?"

"முறையா அப்பாயின்ட்மென்ட் கேட்டா…"

"நெஞ்சு வலிக்கு அப்பாயின்ட்மென்டா? நீங்க போலீஸா, ஜோசியரா?"

கான்ஸ்டபிள் அன்று தட்டில் விழுந்ததைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

அடுத்து மாதாந்திர ஆய்வுக் கூட்டம். பதவியில் மூத்தவர்தானே தலைமை தாங்க வேண்டும்? நாற்சந்தியிலிருந்து பெண் போலீஸை வரவழைத்துத் தூக்கச் சொல்லி, மேடத்தை நடுநாயகமாக வைத்து, பேச வசதியாக மூடியைத் திறந்துவிட்டார்கள்.

"அமைதியாக இருங்கள்" என்றது பெட்டி. எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

"நோயாளியின் மேலாடையை அகற்றுங்கள்."

அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் நோயாளி? காய்ச்சல் என்று பொய் சொல்லி லீவு கேட்டிருந்த சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் எழுந்து சட்டையைக் கழற்றினார். மேடத்துக்கு அது எப்படித் தெரிந்தது என்று மற்றவர்கள் அசந்துபோனார்கள்.

"பட்டைகளை ஒட்டுங்கள்" என்றது பெட்டி. நோயாளியின் மார்பில் ஒட்ட வேண்டிய பட்டைகள் அதன் மூடியிலேயே இருந்தன. யாரும் அங்கே பார்க்கவில்லை. மேலதிகாரியின் வாயைப் பார்ப்பதா, மூடியைப் பார்ப்பதா? பெட்டியும் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தது. "பட்டைகளை ஒட்டுங்கள். பட்டைகளை ஒட்டுங்கள்."

டிராபிக் அதிகாரிக்குத்தான் முதலில் விளங்கியது. வண்டிகளின் பின்னால் வெளிச்சம் பட்டால் மின்னுமே, அந்தப் பட்டை! கூட்டம் அத்துடன் கலைந்தது. அந்த வாரம் ஊரில் பட்டை ஒட்டப்படாத வண்டி ஒன்று இல்லை. லாரி, சைக்கிள், கைக்குழந்தையின் தள்ளுவண்டி, ஒரு தாத்தாவின் கைத்தடி எல்லாவற்றிலும் சிவப்புப் பட்டை. என் குடையில் ஒட்டியது இன்னும் உரியவில்லை. விபத்துகள் குறைந்தன என்று அறிக்கை போனது. மேடத்தின் தீர்க்கதரிசனத்தைப் பாராட்டிக் கமிஷனர் கையொப்பமிட்டார்.

இதற்கு நடுவில் பஸ் நிலையத்தில் யாரோ மயங்கி விழுந்துவிட்டதாகப் போன் வந்தது. பெட்டியைக் கொண்டுவரச் சொல்லிக் கெஞ்சினார்கள். இன்ஸ்பெக்டர் நிதானமாகக் கேட்டார்.

"விழுந்தவர் என்ன பதவி?"

"பதவியா? தக்காளி விக்கறவருங்க!"

"யோவ், மூத்த கமிஷனர் ரேங்க்ல இருக்கறவங்கள தக்காளிக்காக அனுப்ப முடியுமா? குறைஞ்சபட்சம் ஒரு துணை மேயராவது விழட்டும், பாக்கலாம்."

நல்லவேளை, அது பசி மயக்கம்தான். தக்காளிக்காரர் தன் கூடையிலிருந்தே இரண்டு தக்காளியைக் கடித்துத் தின்றுவிட்டு எழுந்து போய்விட்டார். ஆனால் செய்தி கேட்ட கான்ஸ்டபிள் அன்று முழுக்க ரோட்டின் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எதிரே சலூன் கண்ணாடியில் மச்சான் யாருக்கோ முடிவெட்டிக்கொண்டு சிரிப்பது தெரிந்தது. நடுவில் ஒரு ரோடு. இந்தப் பக்கம் மேடம், அந்தப் பக்கம் மச்சான், வாசலில் சல்யூட் அடித்துக்கொண்டு தான். அவருக்கு அழுகையே வந்துவிட்டதாம்.

நான் சவரத்துக்குப் போயிருந்த அன்றுதான் அது நடந்தது. வேலை முடிந்த கான்ஸ்டபிள் பெஞ்சில் உட்கார்ந்து பட்டை ஒட்டிய கதையை மச்சானுக்கும் எனக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். சலூன்காரர் என் ஒரு கன்னத்தை முடித்திருந்தார்.

"மாப்ள, போதும்டா. சிரிச்சு சிரிச்சுக் கத்தி இவர் காதுக்குப் போயிரும்" என்றார். நான் காதைப் பிடித்துக்கொண்டேன். கத்தியைத் தட்டில் வைத்துவிட்டு இன்னும் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. நாற்காலிக் கையைப் பிடிக்கப் பார்த்துப் பிடிக்காமல் தரையில் சாய்ந்தார்.

கான்ஸ்டபிள் அவர் மூக்கருகே காதை வைத்துப் பார்த்தார். மூச்சு இல்லை. என்னை நாற்காலியிலிருந்து இழுத்துப்போட்டு, என் கைகளை மச்சானின் நெஞ்சு நடுவில் வைத்தார்.

"அழுத்துங்க! நல்லா வேகமா அழுத்துங்க! நான் வர்றவரைக்கும் நிறுத்தக்கூடாது!"

ஆம்புலன்ஸுக்குப் போன் போடச் சொல்லிப் பக்கத்துக் கடையைப் பார்த்துக் கத்திக்கொண்டே ரோட்டைத் தாண்டினார். நான் அழுத்தினேன். நுரை என் மோவாயிலிருந்து அவர் சட்டையில் சொட்டிக்கொண்டிருந்தது.

ஸ்டேஷனில் மேடத்தின் வாசலை இன்ஸ்பெக்டர் மறித்து நின்றார்.

"எங்கய்யா ஓடற? மேடம் வெளிய போகணும்னா பயணத் திட்டம் வேணும். முன்னாடி ஒரு வண்டி போகணும். தூக்கறதுக்கு லேடி போலீஸ் வேணும்."

"சார், எதிர்க்கடைதான் சார்! எங்க மச்சான் சார்!"

"மச்சானா? அப்படின்னா சொந்தக் காரியத்துக்கு மேலதிகாரியப் பயன்படுத்தின குத்தமும் சேருது."

இந்த இடத்தில் கான்ஸ்டபிள் என்ன நினைத்தார் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. இன்ஸ்பெக்டரின் கைக்கு அடியில் குனிந்து உள்ளே புகுந்து மூடியைத் திறந்துவிட்டார்.

"அமைதியாக இருங்கள்" என்றது பெட்டி. இன்ஸ்பெக்டரின் வாய் டக்கென்று மூடிக்கொண்டது.

"நோயாளியின் மேலாடையை அகற்றுங்கள்."

"கேட்டீங்களா சார்? மேடம் உத்தரவு. நோயாளி அங்க இருக்கார், நாம இங்க நிக்கறோம். உத்தரவ மீறினது யாருன்னு நாளைக்குக் கேப்பாங்க. நீங்களா, நானா?"

இன்ஸ்பெக்டரின் கால்கள் தாமாகவே விலகின. கான்ஸ்டபிள் கைப்பிடியைப் பற்றித் தூக்கிக்கொண்டு ஓடினார். மேலதிகாரி ரோட்டில் இறங்கிவிட்டால் ஸ்டேஷன் உள்ளே இருக்க முடியுமா? மொத்தப் பேரும் தொப்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தார்கள். ஒருவர் விசில் ஊதி லாரிகளை நிறுத்தினார். சலூனுக்குள் இடம் பற்றாமல் கண்ணாடிகளைப் பார்த்தபடி வரிசையாக விறைத்து நின்றார்கள்.

கான்ஸ்டபிள் சட்டையைக் கிழித்தார், மார்பில் பட்டைகளை ஒட்டினார்.

"நோயாளியைத் தொடாதீர்கள்" என்றது பெட்டி.

ஒரு உத்தரவை அவ்வளவு முழுமனதோடு நிறைவேற்றிய போலீஸ் படையை நான் பார்த்ததில்லை. தொடுகிற எண்ணம் யாருக்குமே இருக்கவில்லை. நானும் கையை எடுத்தேன்.

"அதிர்ச்சி தேவை. விலகி நில்லுங்கள். ஒளிரும் பொத்தானை அழுத்துங்கள்."

கான்ஸ்டபிள் அழுத்தினார். மச்சானின் உடம்பு ஒரு துள்ளு துள்ளி அடங்கியது.

"நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள்."

இது யாருக்கான உத்தரவு என்று பதவி வரிசைப்படி அவர்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், நானும் கான்ஸ்டபிளும் மாற்றி மாற்றி அழுத்தினோம். ஆம்புலன்ஸ் சத்தம் தெருமுனையில் கேட்டபோது சலூன்காரர் கரகரவென்று ஒரு மூச்சை இழுத்தார். கான்ஸ்டபிள் அப்படியே தரையில் உட்கார்ந்து குழந்தைபோல அழுதார். நானும்தான் அழுதேன். சோப்பு கண்ணில் பட்டதால் என்று அப்போது சொல்லிக்கொண்டேன், அது பொய்.

சலூன்காரர் பிழைத்தார். ஆஸ்பத்திரியில் அவர் முதலில் கேட்டது, "அவருக்கு அந்தக் கன்னம் பாக்கி இருக்கே, யாராவது முடிச்சாங்களா?" என்பது.

ஒரு போலீஸ் அதிகாரி பொதுமக்களில் ஒருவர் மீது பலத்தைப் பயன்படுத்தினால் விசாரணை நடத்தியே தீர வேண்டும், அதுவரை அவர் சஸ்பெண்ட் என்பது அந்தத் துறையின் விதி. மேடம் சஸ்பெண்ட் ஆனார். விசாரணை நாளன்று கமிஷனர் நடுவில் அமர்ந்தார். மூடிய பெட்டி குற்றவாளி நாற்காலியில் இருந்தது. டீச்சர் தம் அண்ணனைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்.

சட்ட ஆலோசகர் எழுந்தார். "ஆயுதம் இல்லாத, சட்டையும் இல்லாத, நினைவே இல்லாத ஒரு குடிமகன் மேல மின்சாரம் பாய்ச்சியிருக்காங்க. முன்னெச்சரிக்கை குடுத்தாங்களா? குடுத்தாங்க. யாருக்கு? சுத்தி நின்ன போலீஸுக்கு! 'விலகி நில்லுங்கள்'னு நம்ம ஆளுங்களுக்குச் சொல்லிட்டு, அடிய கீழ கிடந்தவருக்குக் குடுத்திருக்காங்க. அவருக்கு விலக ஒரு வாய்ப்புக்கூடக் குடுக்கல!"

கமிஷனர் வருத்தத்தோடு தலையசைத்தார். பிறகு சலூன்காரரைப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்க. சம்பவம் நடந்தப்போ நீங்க எதிர்ப்பு ஏதாவது தெரிவிச்சீங்களா?"

"நான் செத்துக்கிட்டு இருந்தேங்க."

"அதாவது, ஒத்துழைச்சிருக்கீங்க. அப்படியிருந்தும் பலப்பிரயோகம்!"

"ஐயா, அந்தப் பெட்டி இல்லன்னா நான் இன்னைக்கு இல்லீங்க."

"அது தனி விஷயம். ஆள் பிழைச்சாரா இல்லையான்னு பாத்து முடிவெடுக்க இது ஆஸ்பத்திரி இல்ல. முறை என்னன்னு பாக்கற இடம். முறைப்படி செத்திருந்தா இன்னைக்கு இந்த விசாரணையே தேவைப்பட்டிருக்காது."

டீச்சர் வாயைத் திறக்கப் போனார். அண்ணன் அவர் கையைப் பிடித்து அழுத்தியதால் மேற்கொண்டு ஒரு கலவரம் தவிர்க்கப்பட்டது.

தீர்ப்பு வந்தது. நோயாளியைத் தொடாமல் கடைசிவரை கட்டுப்பாடு காத்த இன்ஸ்பெக்டருக்குப் பதக்கம். எல்லை மீறிப் பலத்தைப் பயன்படுத்திய மூத்த கமிஷனரின் பதவி பறிக்கப்பட்டு, துறையின் ஆகக் கடைசி இடமான கான்ஸ்டபிள் நிலைக்கு இறக்கம். அறை கிடையாது, திரை கிடையாது, டம்ளர் கிடையாது. யார் கூப்பிட்டாலும் எந்த நேரமும் தெருவுக்குப் போக வேண்டும். பெண் அதிகாரியைக் கைப்பிடியில் தூக்கிய ஆர்டர்லிக்கும் அதே தண்டனை: வாசல் வேலை போய்த் தெரு ரோந்து. குற்றத்தில் கூட்டாளிகள் என்பதால் இருவரும் ஒன்றாகவே சுற்ற வேண்டும்.

படியிறங்கி வரும்போது கான்ஸ்டபிளின் தோளில் பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது. முகத்தைத் தொங்கப்போட்டிருந்தார். என்ன இருந்தாலும் தண்டனை தண்டனைதானே.

"இனிமே நாங்க ரெண்டு பேரும் ரோட்டுலதான்" என்றார் மனைவியிடம்.

டீச்சர் பெட்டியைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார், பக்கத்தில் மூச்சுவிட்டுக்கொண்டு நின்ற அண்ணனைப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு.

"கையெடுத்துக் கும்பிடறேன், ரெண்டு பேரும் நல்ல பேரு மட்டும் வாங்கிடாதீங்க. மறுபடியும் பிரமோஷன் குடுத்து உள்ள உக்கார வெச்சிடுவாங்க."